குழாயில் மிச்சம்

கேட் இறங்க ஆரம்பிக்கும்போதே புகுந்து போய்விடலாம் என்றுதான் டாக்டர் பரஞ்சோதி காரை விரட்டினார். முன்னால் போன தேங்காய் வேன்காரர் ஒழுங்கான மனுஷர், மணி அடித்ததுமே நிறுத்திவிட்டார். நாட்டில் இருக்கிற ஒழுங்கான மனுஷர்கள் எல்லாம் நமக்கு அவசரம் என்கிற நேரமாகப் பார்த்துத்தான் நமக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பட்டை அடித்த கம்பம் ஆடி ஆடி இறங்கித் தண்டவாளத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டது. பின்னால் ஒரு மினிபஸ் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பக்கமும் பைக்குகள் புகுந்து சந்துபொந்தெல்லாம் அடைத்துக்கொண்டன. இனி முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. இன்ஜினை அணைத்தார், ஏ.சி.யும் சேர்ந்து நின்றது, பங்குனி வெயில் கண்ணாடி வழியாக வந்து மடியில் உட்கார்ந்தது. போன் அடித்தது. டாக்டர் வாசுகி, பிரசவ ஆஸ்பத்திரி, கேட்டுக்கு அந்தப் பக்கம். "சார், எங்க இருக்கீங்க? வயித்துப் பிள்ளைக்குத் துடிப்பு இறங்கிக்கிட்டே இருக்கு. டேபிள்ல போட்டாச்சு, உங்களுக்காகத்தான் நிக்கிறேன்." "கேட்ல மாட்டிக்கிட்டேன் மேடம். ரயில் போனதும் அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்." "இந்த கேட்டை வச்சுக்கிட்டு..." என்று வாசுகி யாரையோ திட்டிவிட்டு வைத்தாள். திட்டு கேட்டுக்கா தனக்கா என்று பரஞ்சோதிக்கு விளங்கவில்லை, ஆனால் வயிற்றில் போய் விழுந்தது தனக்கு உரியதாகத்தான் விழுந்தது.

டாக்டர் என்றால் டாக்டர்தான், ஆனால் அவர் பெயர் எழுதிய பலகை ஊரில் எங்கேயும் கிடையாது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். ஐந்து ஆஸ்பத்திரிகளுக்குப் பொது, ஒன்றுக்கும் சொந்தமில்லை. எங்கே கத்தி எடுக்கிறார்களோ அங்கிருந்து போன் வரும், பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், தூங்க வைக்க வேண்டும், எழுப்ப வேண்டும், அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். தவில்காரருக்காவது முகூர்த்த நாளில்தான் இந்த ஓட்டம். வெட்டித் தைத்தவருக்குப் பழத்தட்டு வரும், கண்ணீரோடு கும்பிடு வரும், தூங்க வைத்தவரோ அதற்குள் வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொருவர் முதுகில் ஊசி குத்த இடம் தடவிக்கொண்டிருப்பார். இதில் அவருக்கு மனக்குறை உண்டா என்றால் உண்டு, இல்லை என்றால் பொய். முன்பெல்லாம் இந்தப் பக்கத்துக்கு அவர் ஒருவர்தான், அவர் வந்தால்தான் கத்தி நகரும். இப்போது பைபாஸில் கண்ணாடி வைத்துக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் சம்பளத்துக்கே ஆட்களை ஷிப்டு போட்டு வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு நிதின் என்று ஒரு சின்னப் பையன் மதுரையில் படித்துவிட்டு வந்து இறங்கியிருக்கிறான். நல்ல பையன், 'சார் சார்' என்றுதான் பேசுவான், ஆனால் முதல் ரிங்கிலேயே போனை எடுக்கிறான். முதல் ரிங்கில் எடுக்கிறவன்தான் கெட்டிக்கார டாக்டர் என்று ஆகிவிட்டது காலம். குளிக்கும்போதுகூடப் போனை சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் குளிக்கிறார் பரஞ்சோதி. "உன்னை மாதிரி போனைப் பாத்துப் பதறுற வேலை எனக்கு வேணாம்பா," என்று மகள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள், அவளுக்குப் பதினாறு வயசு, அப்பாவை நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள்.

பக்கத்து பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க ஒன்றுமில்லாததால் அதைப் பார்த்தார். உறிஞ்சி முடித்துவிட்டு, கப்பைக் கீழே போட்டுவிட்டு, ஸ்ட்ராவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, விளையாட்டாக அதை வாயில் வைத்து முன்னால் இருந்த புருஷன் கழுத்தில் ஊதினாள். குழாயில் மிச்சமிருந்த ரோஸ்மில்க் துளியாகக் கழுத்தில் தெறித்தது. அவன் "ஏய்!" என்று துடைத்துக்கொண்டான், அவள் சிரித்தாள். பரஞ்சோதியும் சிரிக்கத்தான் போனார். உதடு பாதி விரிந்த இடத்தில் நின்றுவிட்டது. குழாயில் மிச்சம். குழாயைக் கழுவி விட்டேனா? அந்தப் பிள்ளையின் கைக் குழாயைக் கழுவி விட்டுவிட்டுத்தானே கிளம்பினேன்? விட்டேன். விட்டிருப்பேன். எப்போதும் விடுகிறதுதானே. எப்போதும் என்பது வேறு, இன்றைக்கு என்பது வேறு.

பிள்ளையின் பெயர் கனிஷ்கா. ஏழு வயசு, முன்பல் இரண்டும் விழுந்த வாய். டாக்டர் ஜெகநாதனின் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி, இப்போது வந்த வழியில் பின்னால் இருக்கிறது. டான்சில் எடுத்தார்கள். சின்ன ஆபரேஷன் என்று ஜெகநாதன் சொல்வார், ஆபரேஷன் சின்னதாக இருக்கலாம், மயக்கத்தில் சின்னது பெரியது கிடையாது என்று பரஞ்சோதி மனசுக்குள் சொல்லிக்கொள்வார். கையில் குத்திய ஊசியோடு ஜாண் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் சேர்ந்திருக்கும். அதன் வழியாகத்தான் தூங்க வைக்கிற மருந்து, அதன் வழியாகத்தான் உடம்பைத் தளர்த்துகிற மருந்து. அந்த இரண்டாவதுதான் எமன். அது உள்ளே போனால் உடம்பில் ஒரு தசையும் அசையாது, கை கால் அசையாது, இமை அசையாது, நெஞ்சு அசையாது, மூச்சை நாம்தான் பையை அமுக்கி அமுக்கிக் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் பாதியில் பிள்ளை லேசாக இருமினாள், ஜெகநாதன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வைக்கு அர்த்தம் 'என்ன மயக்கம் கொடுத்தீங்க' என்பது. உடனே அந்த மருந்தை இன்னும் கொஞ்சம் அதே குழாய் வழியாகத் தள்ளினார். அது நினைவிருக்கிறது. கடைசியில் அந்தத் தளர்ச்சியை முறிக்கிற எதிர்மருந்து கொடுக்கும்போது குழாய் பச்சைத் துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது, இழுத்தால் வராது போலிருந்தது, அதனால் கையில் குத்தியிருந்த ஊசியின் தலையிலேயே இருக்கிற சின்ன மூடியைத் திறந்து நேராகக் கொடுத்தார். அதுவும் நினைவிருக்கிறது. பிள்ளை முக்கினாள், இருமினாள், கண்ணைத் திறந்தாள், தொண்டையில் இருந்த குழாயை எடுத்தார், நன்றாக மூச்சு விட்டாள். எல்லாம் சரி. மிச்சம் இருப்பது ஒரே ஒரு வேலை. உப்புத் தண்ணீரை ஊசியில் எடுத்து, அந்த ஜாண் குழாய்க்குள் அழுத்தி, உள்ளே தங்கின மருந்தை நம் கண் முன்னாலேயே உடம்புக்குள் அனுப்பி, எதுவும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வார்டுக்கு விட வேண்டும். இதைப் படிக்கிற காலத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அவரும் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், நிதினுக்கே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். உப்புத் தண்ணீரை எடுத்தார். ஊசி நிறைந்து டிரேயில் இருந்தது, கண்ணில் நிற்கிறது. அப்போதுதான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிற ஆயாம்மா போனைக் கொண்டுவந்து அவர் காதில் வைத்துப் பிடித்தாள். வாசுகி. துடிப்பு இறங்குது சார், உடனே வாங்க. இதோ கிளம்பிட்டேன் மேடம் என்றார். அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு கார். நடுவில் என்ன? கட்டைவிரலைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கட்டைவிரல். இதுதான் அழுத்தியது, அல்லது அழுத்தவில்லை. ஊசியின் பின்புறம் விரலில் ஒரு வட்டத் தழும்பு பதியும், கொஞ்ச நேரம் இருக்கும். தழும்பைத் தேடினார், வியர்வைதான் இருந்தது. கண்ணை மூடினால் அழுத்துவது தெரிகிறது, விரல் இறங்குவது தெரிகிறது, தண்ணீர் குழாயில் ஓடுவது தெரிகிறது, ஆனால் அது இன்றைக்கு அழுத்தியதா, நேற்று வாசுகி ஆஸ்பத்திரியில் அழுத்தியதா, போன வருஷம் எவருக்கோ அழுத்தியதா? இத்தனை வருஷத்து அழுத்தல்கள் எல்லாம் கோர்ட்டுக்கு வந்த பொய்ச்சாட்சிகள் மாதிரி வரிசையில் நின்று நான்தான் இன்றைக்கு, நான்தான் இன்றைக்கு என்கின்றன. வீட்டைப் பூட்டினோமா என்று பஸ் ஏறின பிறகு தோன்றுமே, அது மாதிரி. பூட்டியிருப்போம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை பூட்டித்தான் இருக்கும். பூட்டாவிட்டால் போகிறது பீரோ. இங்கே? கனிஷ்காவை ஜெபராணி சிஸ்டர் வார்டுக்குக் கூட்டிப் போயிருப்பாள். டிரிப் எதுவும் ஏற்றவில்லை, குழாய் மட்டும் கையில் ஒட்டியிருக்கும். ஜெகநாதன் எழுதிய ஆன்டிபயாடிக்கை ஜெபராணி கலக்குவாள், குழாயின் வாயில் வைப்பாள், அமுக்குவாள். அவள் தள்ளுகிற மருந்துக்கு முன்னால், குழாயில் தங்கியிருக்கிற அந்தக் கொஞ்சம், ஒரு பெரிய ஆளுக்குக் கொட்டாவிகூட வராத அந்தக் கொஞ்சம், இருபது கிலோகூட இல்லாத உடம்புக்குள் முதலில் போகும்.

என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி இந்தக் கேட்டில் நிற்கிற ஒருவருக்கும் தெரியாது, அந்தத் தெரியாமைக்காக அவர்கள் எல்லார் மேலும் அவருக்குப் பொறாமை வந்தது. ஒரு சத்தமும் இருக்காது. அதுதான் பயங்கரம். பிள்ளைக்கு எல்லாம் தெரியும், விழித்துத்தான் இருப்பாள், அம்மா பக்கத்தில் இருப்பது தெரியும், கூப்பிட வேண்டும் என்று தோன்றும், நாக்கு அசையாது. கையைத் தூக்க வேண்டும் என்று தோன்றும், விரல் அசையாது. மூச்சு விட வேண்டும். இமை தானாகச் சரிந்துவிடும். பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற மாதிரி இருக்கும். "ஊசி போட்டதும் அசந்து தூங்கிட்டா பாருங்க," என்று அம்மாக்காரி சந்தோஷப்படுவாள், போர்வையை இழுத்து விடுவாள். காலையில் தியேட்டர் வாசலில் பார்த்தாரே அந்த அம்மாவை. முனீஸ்வரி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. "எங்க துணிதான் சார் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகுது," என்று பெருமையாகச் சொன்னாள், பயத்தில் இருக்கிறவர்கள் ஏதாவது பெருமையாகச் சொல்வார்கள். "எத்தனை நேரம் சார் தூங்குவா?" என்று கேட்டாள். "வேலை முடிஞ்சதும் எழுப்பி உங்க கையில குடுத்துருவேன்மா," என்றார். அவர் எல்லாருக்கும் சொல்கிற வசனம். சொல்லும்போது நாக்கில் ஒரு தயக்கமும் இருக்காது.

போனை எடுத்தார். ஜெகநாதன் ஆஸ்பத்திரி வார்டு நம்பர் இருந்தது. விரல் அதன் மேல் நின்றது. என்ன சொல்வது? 'சிஸ்டர், அந்தக் குழாயைத் தொடாதீங்க.' ஏன் சார்? 'சும்மா.' சும்மாவுக்கு ஒரு டாக்டர் போன் செய்வாரா? 'பிள்ளை எப்படி இருக்கா?' என்று சாதாரணமாகக் கேட்டால்? நல்லா இருக்கா சார் என்பாள், அமுக்கிக்கொண்டே சொல்வாள். உண்மையைச் சொன்னால்? ஜெபராணி நல்லவள்தான், ஆனால் நல்லவள் என்பதால்தான் ஜெகநாதனிடம் போய்ச் சொல்வாள். ஜெகநாதன் சத்தம் போட மாட்டார், சத்தம் போடுகிற ஆள் இல்லை, அடுத்த கேஸுக்கு நிதினைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். சர்ஜன்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதில் பரஞ்சோதி கிடையாது. 'பரஞ்சோதி சாருக்கு வயசாயிருச்சு, மறதி வந்துருச்சு' என்று ஒருவர் எழுதினால் போதும், கீழே ஐந்து கும்பிடு விழும். மறுநாளிலிருந்து போன் அடிக்காது. அடித்தால் பதறுகிற போன் அடிக்காமல் போனால் என்ன ஆகும்? நாற்பத்தெட்டு வயசில் என்ன செய்வது? பைபாஸ் ஆஸ்பத்திரியில் போய் நிதின் வயசுப் பையன்களுக்குக் கீழே ராத்திரி ஷிப்டு கேட்பதா? சே, ஒரு பிள்ளை மூச்சு விடாமல் கிடக்கிறாளோ என்று நினைக்கிற நேரத்தில் ஷிப்டைப் பற்றியா யோசிக்கிறாய்? யோசிக்கிறேனே. யோசனை நான் கேட்டா வருகிறது? மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், கனம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே பயப்படுகிறவனுக்கு என்ன பழமொழி வைத்திருக்கிறார்கள்?

சேவியர் நினைவுக்கு வந்தான். வராமல் எங்கே போவான். கூடப் படித்தவன், தூத்துக்குடிப் பக்கம் இதே தொழில், இதே ஓட்டம். ஒரு பிரசவ கேஸில் அந்தப் பெண்ணுக்கு நஞ்சுக்கொடி பிரியாமல் ரத்தம் நிற்கவில்லை, போய்விட்டாள், அவன் மேல் எள்ளளவும் தப்பில்லை, ஆனால் வெளியே வந்து ஜனங்களுக்கு என்ன சொன்னார்கள்? மயக்க மருந்து ஓவராயிருச்சு. எது நடந்தாலும் மயக்க மருந்துதான் ஓவராகும். பேப்பரிலும் அதுதான், டீக்கடையிலும் அதுதான், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி. சேவியரைப் பின்வாசல் வழியாக அனுப்பப் பார்த்தார்கள், பின்வாசலிலும் ஆட்கள். அடித்ததை ஒருவன் வீடியோப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். பரஞ்சோதிக்கே அது நான்கு பேரிடமிருந்து வந்தது, 'அடடா' என்கிற அழுமூஞ்சிப் பொம்மையோடு. பச்சைச் சட்டையில், தியேட்டர் செருப்போடு, ஒரு செருப்பு இல்லாமல், கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, "நான் மயக்க டாக்டருங்க, நான் மயக்க டாக்டருங்க," என்று சேவியர் சொல்லிக்கொண்டே இருந்தான், அதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பான் போல. இப்போது சென்னையில் ஏதோ இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து மற்ற டாக்டர்களின் பில்லைச் சரிபார்க்கிறான். "நிம்மதியா இருக்கேன்டா, யாரும் மூச்சை என் கையில குடுக்கிறதில்லை," என்றான். அந்தப் படத்தில் அடித்தவர்களில் ஒருவன் முகம் அழுதுகொண்டிருந்தது. அடிக்கிறபோதே அழுதான். முனீஸ்வரியின் புருஷன் எப்படி இருந்தான்? லோடுமேன் உடம்பு. காலையில் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கை பெரிய கை.

ரயில் வந்தது. செங்கோட்டைப் பக்கம் போகிற பாசஞ்சர், ஜன்னலெல்லாம் முகங்கள், ஒரு குழந்தை கையாட்டியது, தேங்காய் வேன்காரர் திரும்பக் கையாட்டினார். ஆட்டும் அய்யா, நன்றாக ஆட்டும். கடைசிப் பெட்டி போனதும் எல்லாரும் வண்டியைக் கிளப்பினார்கள், பரஞ்சோதியும் கிளப்பினார், புகை எழுந்தது, ஹாரன்கள் எழுந்தன, கேட் எழவில்லை. "கூட்ஸ் ஒண்ணு வருதாம்பா," என்று யாரோ சொன்னார்கள். கிளப்பினவர்கள் ஒவ்வொருவராக அணைத்தார்கள். இருதலைக் கொள்ளி எறும்பாக அவர் அந்த இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறாளா தெரியவில்லை. உடனே போனை எடுத்து வாசுகிக்கு அடித்தார். "மேடம், இன்னொரு ரயில் இருக்காம். இதோ வந்துருவேன், வேற யாரையும் கூப்பிடாதீங்க, வந்துட்டேன்." குரல் கெஞ்சியது அவருக்கே கேட்டது. வைத்த பிறகுதான் உறைத்தது. வார்டுக்கு ஒரு தடவைகூட அடிக்கவில்லை, வாசுகிக்குத் தானாகக் கை போகிறது. என்ன கை இது. யாருடைய கை இது.

அடித்தார். வார்டு நம்பருக்கு அடித்தே விட்டார். மணி போயிற்று. மேஜை மேல் அந்தப் பழைய சிவப்புப் போன் அடிப்பதும், பக்கத்தில் ஒருவரும் இல்லாததும் தெரிந்தது. ஏன் ஒருவரும் இல்லை? எல்லாரும் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்பதாலா? அல்லது டீக்கு நேரமா? அடித்து அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த அந்தக் கணத்தில் அவருக்குள் ஒன்று இறங்கி உட்கார்ந்தது, என்ன என்று பார்த்தார், நிம்மதி. அடித்தேன், எடுக்கவில்லை, நான் என்ன செய்வேன் என்கிற நிம்மதி. கடமை முடிந்தது என்கிற நிம்மதி. அதைக் கண்டதும் அவருக்கு வந்த பயம் இதுவரை வந்த பயங்களில் சேராத பயம். கும்பல் வரும், கேஸ் வரும், பேர் போகும் என்பதெல்லாம் வெளியே இருந்து வருகிற பயம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். இது உள்ளேயே இருந்துகொண்டு சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு, 'எழுப்பி உங்க கையில குடுத்துருவேன்மா' என்று பேசுகிறது.

மறுபடி அடிக்கப் போன கையில் போன் தானாக அடித்தது. வாசுகி. முதல் ரிங்கிலேயே எடுத்தார். "சார், ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க. நிதின் பக்கத்துலதான் இருந்தாராம், வந்துட்டாரு. பிள்ளைய எடுத்தாச்சு. பொம்பளப் பிள்ளை, நல்லா இருக்கு. நீங்க பாவம் வெயில்ல... வீட்டுக்குப் போயிருங்க சார்." "ரொம்ப சந்தோஷம் மேடம்," என்றார். சந்தோஷம்தான், பிள்ளை நன்றாக இருப்பது சந்தோஷமில்லாமல் என்ன. 'மெதுவா வாங்க' என்பதற்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும். இனி வாசுகியின் முதல் போன் நிதினுக்குத்தான் போகும், அவன் எடுக்காவிட்டால் இவருக்கு. எந்தப் போனுக்காக அந்தக் கட்டிலை விட்டு ஓடி வந்தாரோ அந்தப் போன் இப்போது அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. அழவும் தோன்றவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் இனி ஒன்றும் இல்லை, தட்டிக்கழிக்க ஒரு சாக்கும் இல்லை, ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறாள், பின்னால், ஒரு ஜாண் குழாயோடு.

அடித்தார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வாயில் வசனத்தை வைத்துக்கொண்டே அடித்தார். சிஸ்டர், குழாயில் மருந்து நிற்குது, நான் கழுவாமல் வந்துட்டேன். சிஸ்டர், நான் கழுவாமல் வந்துட்டேன். மணி போனது. தூரத்தில் கூட்ஸின் ஊதல் கேட்டது. "ஹலோ, வார்டு," என்றாள் ஜெபராணி. "சிஸ்டர், பரஞ்சோதி பேசுறேன். அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா?" "கனிஷ்காவுக்கா சார்? போட்டாச்சே, அப்பவே." அதற்குள் கூட்ஸ் வந்துவிட்டது. இரும்பு இரும்பாக, பெட்டி பெட்டியாக, காரின் தரை அதிர்ந்தது, ஜெபராணி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மூச்சு இருக்கா? சிஸ்டர், போய்ப் பாருங்க, நெஞ்சு ஏறி இறங்குதா பாருங்க!" என்று கத்தினார். ரோஸ்மில்க் பெண் திரும்பிப் பார்த்தாள். ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு, இன்னொரு காதில் போனைப் புதைத்துக்கொண்டு, ஸ்டியரிங் மேல் குனிந்துவிட்டார். பெட்டிகள் முடிகிறதாக இல்லை. போட்டாச்சு, அப்பவே. அப்பவே என்றால் எப்போது? அந்த பாசஞ்சர் போனபோதா? வாசுகியிடம் கெஞ்சியபோதா? விரலை நம்பர் மேல் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் குரூப்பில் யார் என்ன எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேனே, அப்போதா? கடவுளே, அப்போதாக இருக்கக் கூடாது. அவருக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது, ஆனால் வேறு யாரைக் கூப்பிடுவது.

கடைசிப் பெட்டி போனது. சத்தம் வடிந்தது. போனில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. கரகரத்த, கிழிந்த, தொண்டைப் புண்ணோடு அழுகிற அழுகை. "கேக்குதா சார்? அவதான்," என்றாள் ஜெபராணி, சலிப்பாக. "வார்டுக்கு வந்ததும் வராததுமா தூக்கக் கலக்கத்துல லைனைப் பிடுங்கி எறிஞ்சிட்டா சார். பிளாஸ்டரோட, குழாயோட, மொத்தமா. பெட்ஷீட்டெல்லாம் ரத்தம். அப்புறம் நாலு பேரு பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில புதுசாப் போட்டுத்தான் ஊசி போட்டோம். அவங்க அம்மாவுக்கு வந்துச்சே கோவம், முதுகுல ரெண்டு வச்சிருச்சு. அதுல ஆரம்பிச்ச அழுகை, இன்னும் நிப்பாட்டல." "அந்தப் பழைய குழாய்?" "குப்பையில போட்டாச்சு சார். ஏன் சார்?" குப்பையில். அதில் மருந்து இருந்ததா, வெறும் தண்ணீர் இருந்ததா, இனி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது, சாகிறவரை தெரியாது. "சிஸ்டர்," என்றார், "அந்த அம்மாகிட்ட போனைக் குடுங்க."

"சார், வணக்கம் சார். மன்னிச்சுக்கங்க சார்," என்றாள் முனீஸ்வரி, எடுத்த எடுப்பில். பெரிய டாக்டரே போன் போட்டுக் கேட்கிறார் என்றால் கோபம் இல்லாமல் இருக்குமா என்று பயந்திருந்தது குரலிலேயே தெரிந்தது. "தெரியாமப் பிடுங்கிருச்சு சார். நீங்க கஷ்டப்பட்டுப் போட்ட ஊசி." "அய்யோ, நீங்க மன்னிப்புக் கேக்காதீங்கம்மா. அது தப்பு என்..." "தப்புதான் சார், தப்புதான். பெரிய தப்பு. ரெண்டு சாத்தியிருக்கேன், இனிமே செய்ய மாட்டா." "அடிக்காதீங்கம்மா அவளை. கேக்குதா? அந்தப் பிள்ளைய அதுக்காக அடிக்கக் கூடாது. யாரும் அடிக்கக் கூடாது." "சரிங்க சார். சரிங்க சார்." போனை வாயிலிருந்து விலக்கி அவள் பிள்ளையிடம் சொன்னது நன்றாகக் கேட்டது: "ஏய், டாக்டரு லைன்ல இருக்காரு, எம்புட்டுக் கோவமா இருக்காரு தெரியுமா? அழுத, வந்து பெரிய ஊசியாப் போட்டுருவாரு. வாய மூடு." அழுகை நின்றது.

சட்டென்று நின்றது, வெட்டின மாதிரி. கேட் ஏறிக்கொண்டிருந்தது. தேங்காய் வேன் நகர்ந்தது, மினிபஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது, பைக்குகள் இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டே பிரிந்து போயின. போனில் ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம்கூட இல்லை. பழைய குழாய் குப்பையில் கிடக்கிறது, புதுக் குழாயில் ஒன்றும் கிடையாது, பிள்ளை பயந்துபோய் வாயை மூடியிருக்கிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும், படித்த படிப்புக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. "அம்மா," என்றார். "அம்மா! அவளை அழ விடுங்க." "என்ன சார்?" "அழச் சொல்லுங்கம்மா. நிறுத்தச் சொல்லாதீங்க. அழட்டும்." "ஜெகநாதன் டாக்டரு அழக் கூடாதுன்னாரே சார், தொண்டைப் புண்ணு வலிக்கும்னு..." "பரவாயில்லைம்மா. நான் சொல்றேன், அழட்டும். தயவு செஞ்சு அழ விடுங்க." மினிபஸ் கண்டக்டர் இறங்கி வந்து காரின் மண்டையில் தட்டி, "சார், வண்டிய எடுங்க, கேட் தொறந்து எம்புட்டு நேரமாச்சு," என்றார். பரஞ்சோதி ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். போனில் முதலில் ஒரு விசும்பல் வந்தது, பிறகு மூக்குறிஞ்சல், பிறகு கரகரவென்று பெரிய அழுகையாக ஏறியது, அதைக் கேட்ட பிறகுதான் அவர் சாவியைத் திருகினார்.